கடன் வாங்கி ஜார்ஜியாவுக்கு அனுப்பும் முன்: இராமேசுவரம் அருகே மண்டபத்துத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் பிளஸ் டூ தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். நீட் மதிப்பெண் மட்டும் அரசுக் கல்லூரி இடத்துக்கு எட்டவில்லை. ஓராண்டு நாமக்கல்லில் தங்கிப் படித்து மறுபடி எழுதட்டும் என்கிறார் உங்கள் சித்தப்பா. ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம், பாதிச் செலவை நானே ஏற்கிறேன், மீதிக்கு ஊரில் உள்ள மனையை வைத்துக் கடன் வாங்குங்கள் என்கிறார் துபாயில் இருக்கும் உங்கள் தம்பி. மகளோ கடற்கரைப் பறவைகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறாள். "பறவை எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா, மனசு ஆறுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறுதலாக நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பதினேழு வயதில் உங்கள் மகள் எதையும் இழந்துவிடவில்லை. இதற்கு மேல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் மனையை அடகு வைத்துவிடுவீர்கள். ஆகவே வாதத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பற்றித் தரகர்கள் சொல்லாமல் விடுவது இது. 2021-இல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதே நாட்டில் 12 மாதப் பயிற்சியை முடிக்க வேண்டும். இந்தியா திரும்பித் தகுதித் தேர்வில் வென்ற பிறகு இங்கேயும் 12 மாதப் பயிற்சி உண்டு. அந்தத் தகுதித் தேர்வை எழுதுவோரில் பெரும்பாலோர் ஒவ்வொரு முறையும் தோற்கிறார்கள். அந்த ஆண்டுகள் முழுவதும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மருத்துவத்தின் மீது தீராத ஆசை கொண்ட பிள்ளை என்றால் இந்த இடர்ப்பாட்டுக்காவது ஒரு பொருள் இருக்கும். வகுப்பில் எல்லோரும் படிவம் நிரப்பினார்கள், அதனால் நானும் நிரப்பினேன் என்று உங்கள் மகள் உங்களிடமே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்ட ஒரு படிப்புக்காக இருக்கும் ஒரே மனையை அடகு வைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். உங்கள் தம்பி தாராள மனத்தோடுதான் தருகிறார் என்பதில் எனக்கு ஐயம் இல்லாவிட்டாலும் இதுவே என் முடிவு. நீட்டை மறுபடி எழுதுவதற்கும் இதே பதில். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற வசதிதான் அந்தத் தேர்வில் இருக்கும் பெரிய ஆபத்து. விருப்பமில்லாத பிள்ளையின் இரண்டு, மூன்று ஆண்டுகள் அதில் கரைந்துபோகும்.

பொறியியல், நர்சிங், பி.எட்., வங்கித் தேர்வு ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆட்கள் இருப்பார்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை. மகள் கேட்கும் படிப்பைப் பற்றிச் சொல்லத்தான் உங்களைச் சுற்றி யாரும் இல்லை.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அவளுடைய நோட்டுப் பக்கங்களைக் கவனமாகப் படித்தேன். தேதி, நேரம், கடல் ஓதம் ஏறுகிறதா வடிகிறதா, காற்று வாடையா கச்சானா, பிறகு ஆலா எத்தனை, உள்ளான் எத்தனை, பூநாரை எத்தனை என்று வரிசையாக எழுதியிருக்கிறாள். பறவை பார்க்கும் பழக்கம் உள்ள பிள்ளைகள் பலர் இவ்வளவு செய்வார்கள். என்னை நிறுத்தியது ஒரு பக்கத்தில் இருந்த இந்த வரி: "பூநாரை 0. ஒன்றரை மணி நேரம் இருந்தேன்." பார்த்ததை எழுதுவது யாருக்கும் வரும். ஒன்றும் தென்படாத நாளில் உட்கார்ந்திருந்து, தென்படவில்லை என்பதையும் ஒரு தகவலாக மதித்து எழுதிவைப்பதற்கு வேறு மாதிரியான புத்தி வேண்டும். இந்தப் பூச்சியம் இல்லாமல் சூழலியல் ஆய்வே இல்லை.

காட்டுயிர் சூழலியல் என்பது விலங்கை ரசிப்பதோ படம் எடுப்பதோ இல்லை, அம்மா. ஓர் உயிரினம் ஓரிடத்தில் எத்தனை இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, எதைத் தின்கிறது, எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது என்ற கேள்விகளுக்கு எண்ணிக்கையோடு விடை தேடும் அறிவியல் அது. உங்கள் மகளின் நோட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு நாள் 40 உள்ளான்கள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் 11. பறவைகள் குறைந்துவிட்டனவா? முதல் நாள் ஓதம் ஏறியிருந்தது, சேற்றுத் திட்டு சுருங்கி எல்லாப் பறவையும் ஒரே இடத்தில் ஒதுங்கின. இரண்டாம் நாள் தண்ணீர் வற்றி அவை வெகுதூரம் பரவிவிட்டன. பறவை உண்மையிலேயே குறைந்ததா, நம் கண்ணில் படுவது குறைந்ததா என்று பிரித்துச் சொல்வதற்கென்றே புள்ளியியல் முறைகள் உண்டு. இந்தத் துறையின் கடினமான பகுதி காடும் வெயிலும் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள்; உண்மையில் அது இந்தக் கணக்குதான். மகள் கணிதம் இல்லாத பிரிவில் படித்திருக்கிறாள் என்பதால் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். புள்ளியியல் கற்க மாட்டேன் என்றால் இந்த வழி வேண்டாம். கற்கிறேன் என்றால் மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பில் அதற்கு வேண்டிய அவகாசம் இருக்கிறது.

"இதில் யார் பெரிய ஆளாகியிருக்கிறார்கள்?" என்று உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். அவருக்கு ஏ.ஜே.டி. ஜான்சிங் என்ற பெயரைச் சொல்லுங்கள். 1945-இல் நாங்குநேரியில் ஆசிரியப் பெற்றோருக்குப் பிறந்து, விலங்கியல் படித்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். 1970-களின் பிற்பகுதியில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டங்களின் பின்னால் நடந்தார். அவை கொன்ற மான்களின் மிச்சங்களைத் தேடி எடுத்தார். எச்சத்தைச் சேகரித்து, அதிலிருந்த மயிரையும் எலும்பையும் கொண்டு எந்த விலங்கைத் தின்றிருக்கின்றன என்று கண்டறிந்தார். குட்டிகளைக் கூட்டமே சேர்ந்து வளர்ப்பதைப் பதிவு செய்தார். செந்நாயைப் பீடையென்று கருதிச் சுட்டுக் கொன்றுவந்த நாட்டில், அது காட்டில் என்ன செய்கிறது என்பதை முதலில் ஒழுங்காகச் சொன்ன ஆய்வு அது. சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றைக் களத்தில் ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் மேலாய்வு செய்துவிட்டு, 1985-இல் டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தில் சேர்ந்து, 2005-இல் ஓய்வு பெறும் வரை அங்கே இருந்தார். 2024 ஜூனில் மறைந்தார்.

ஒரு ஆய்வாளரின் செல்வாக்கை அளக்க இப்போது எண்கள் வந்துவிட்டன. ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுகிறார்கள். ஹெச்-இன்டெக்ஸ் என்று 2005-இல் வந்த ஒரு கணக்கும் உண்டு: ஒருவருடைய கட்டுரைகளில் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. வேலைக்கும் நிதிக்கும் விண்ணப்பிக்கும்போது இந்த எண்ணைப் பார்க்கிறார்கள். மகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் ஜான்சிங்கின் செல்வாக்கு இந்த எண்ணுக்குள் அடங்குவதில்லை. கிர் காட்டுச் சிங்கங்களை ஆராய்ந்த ரவி செல்லம் போன்றவர்கள் அவரிடம் பயின்றவர்கள். 1988-இல் டேராடூனில் தொடங்கிய முதுகலைப் படிப்பில் அவரோடு காட்டில் நடந்த மாணவர்கள் இன்று நாடெங்கும் தங்கள் மாணவர்களை நடக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராஜாஜி-கார்பெட் காட்டுப் பகுதியில் யானைகள் கடந்து செல்லும் சீலா-மோதிச்சூர் வழித்தடத்தைப் பற்றி அவரும் சக ஆய்வாளர்களும் எழுதியவை, அந்த வழித்தடத்தைக் காப்பது பற்றிய பேச்சில் பல்லாண்டுகள் எடுத்தாளப்பட்டன. மேற்கோள் எண்ணிக்கை கட்டுரை எழுதுபவர்களைத்தான் எண்ணுகிறது. வழித்தடத்தைக் கடக்கும் யானையை அது எண்ணுவதில்லை.

உங்கள் மகளுக்கு இன்னும் நெருக்கமான பெயர் எஸ். பாலச்சந்திரன். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தில் பறவையியலாளராகப் பணியாற்றிய அவர், 1990-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு மண்டபத்தையும் அருகிலுள்ள தீவுகளையும் சார்ந்த கரையோரப் பறவைகளைப் பற்றியது. பின்னர் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை ஆராயும் பணியில் பல்லாண்டுகள் ஈடுபட்டார். நீங்கள் தினமும் பேருந்தில் கடந்து போகும் கரையில் ஒருவர் முனைவர் பட்டம் எடுத்திருக்கிறார் என்பதை உங்கள் சித்தப்பாவிடமும் சொல்லுங்கள்.

இந்தக் கரையின் பெருமை இங்கே பிறந்தவர்களுக்குத்தான் சட்டென்று தெரிவதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போகும் வரை மண்டபம் முகாமில்தான் இருந்தது. அதன் மண்டல மையம் இன்றும் அங்கே இயங்குகிறது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 1989-இல் மன்னார் வளைகுடா 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் உயிர்க்கோளக் காப்பகமானது. அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. தனுஷ்கோடிப் பகுதி 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாக் விரிகுடா என்னும் வடகடலில், ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடல் பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் 2022-இல் காப்பகமானது. அதற்கு முன்பு ஆய்வாளர்கள் கடற்புல் படுகைகளை அளந்தும், வல்லத்தில் போகிறவர்களிடம் எங்கே எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுக் குறித்தும் பல்லாண்டுகள் தகவல் சேர்த்தார்கள். அப்படிக் கேட்டு எழுத வெளியூர் ஆய்வாளர் ஒருவருக்கு முதலில் ஊராரின் நம்பிக்கை வேண்டும், காற்றின் பெயரும் மீனின் பெயரும் தெரிய வேண்டும். அதற்கே ஓராண்டு போய்விடும். உங்கள் மகளுக்கு அந்த ஓராண்டு கையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடல்பாசி வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற அயல்பாசி, குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து அவற்றை மூடுகிறது என்று 2008-இல் ஆய்வாளர்கள் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். அதன் பிறகு அங்கே அந்தப் பாசியைக் கையால் அகற்றும் வேலை நடந்தது. பாசி வளர்ப்பை எங்கே அனுமதிக்கலாம் என்ற விவாதத்தில் அந்தக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. பாசி வளர்ப்பை நம்பி வடகடல் ஓரத்தில் பெண்கள் பலர் பிழைக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டு பக்கத்தையும் தெரிந்த ஒருவர் ஆய்வாளராக வருவது, எங்கிருந்தோ வந்து எழுதிவிட்டுப் போவதைவிட நல்லது என்பது என் கருத்து.

இனி வழி. முதலில் விலங்கியலில் ஒரு பி.எஸ்சி.; மதுரையில் அதற்கு நல்ல கல்லூரிகள் உண்டு, அரசுக் கல்லூரி கிடைத்தால் இன்னும் நல்லது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பிறகு முதுகலை, உண்மையான திருப்பம் இங்கேதான் இருக்கிறது. டேராடூன் நிறுவனத்தின் காட்டுயிர் அறிவியல் படிப்பு ஒன்று. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாணவர்களைச் சேர்க்கும் காட்டுயிர் உயிரியல், பாதுகாப்புப் படிப்பு இன்னொன்று. இரண்டிலும் இடங்கள் மிகக் குறைவு. நாடு முழுவதற்கும் நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. நேர்காணலில் மதிப்பெண்ணைவிட இந்த நோட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். அங்கே மாணவர்கள் கள முறைகளையும் புள்ளியியலையும் கற்று, சில மாதங்கள் களத்தில் தங்கித் தாமே ஓர் ஆய்வை வடிவமைத்து முடிக்கிறார்கள். சேரும் முன் அந்த ஆண்டு அறிவிப்பில் கட்டணம், உதவித்தொகை விவரங்களை வரிவரியாகப் படியுங்கள். கட்டணம் உங்கள் கைக்கு மீறியதாக இருந்தால் அந்த இடம் கிடைத்தாலும் வேண்டாம். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் முதுகலை இருக்கிறது. கடலே வேண்டும் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், நம் மாவட்டத்திலேயே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் வளாகமும் இருக்கின்றன. இவை எவையும் இரண்டாந்தரம் இல்லை.

அதற்குப் பின் வருவது பொறுமைக்கான காலம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தேர்வான நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. அது கிடைக்காதவர்கள் திட்டப் பணிகளில் இதைவிடக் குறைந்த சம்பளத்தில் இருக்கிறார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். பிஎச்.டி. முடிக்க முப்பது வயது நெருங்கிவிடும், நிரந்தர விஞ்ஞானிப் பணியிடங்கள் சொற்பம். இதை நான் இனிப்பு தடவிச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: இந்த வழியில் எந்தக் கட்டத்தில் நின்றாலும் கடன் இருக்காது, கையில் ஒரு பட்டம் இருக்கும். விலங்கியல் பட்டத்தோடு டிஎன்பிஎஸ்சி நடத்தும் உதவி வனப்பாதுகாவலர் தேர்வு எழுதலாம், இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம், முதுகலையோடு நெட் தேர்விலும் தேறினால் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். ஜார்ஜியா வழியில் பாதியில் நின்றால் மிஞ்சுவது கடன் மட்டும்.

பெண் பிள்ளையைக் காட்டுக்கும் கடலுக்கும் எப்படி அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். வால்பாறையில் சிதைந்துபோன மழைக்காட்டுத் துண்டுகளை மீட்டெடுக்கும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஈடுபட்டிருக்கும் திவ்யா முத்தப்பா ஒரு பெண். ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையத்தில் பழுப்பு மரநாயை ஆராய்ந்து முனைவரானவர். களத்துக்குப் பொதுவாக யாரும் தனியாகப் போவதில்லை. உதவியாளரும் அனுமதிக் கடிதமும் தங்குமிடமும் ஏற்பாடான பின்புதான் வேலை தொடங்கும். மொழி தெரியாத நாட்டில் ஆறு ஆண்டு விடுதியில் விடத் தயாராக இருந்த நீங்கள் இதற்கு அஞ்சுவது எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மகளுக்குச் சில சொற்கள். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆகவே நோட்டில் தினமும் இரண்டு வரி ஆங்கிலத்திலும் எழுதிப் பழகு. எண்ணிக்கைகளை இ-பேர்டு தளத்தில் ஏற்று. பொங்கல் நாட்களில் மாநிலம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உன் கரையையும் சேர். ஆமை முட்டையிடும் பருவத்தில் வனத்துறையின் பொரிப்பகத்துக்கு அனுமதி கேட்டுப் போய்ப் பார். அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் கால் வைக்காதே, சிப்பியோ பவளமோ கடல் அட்டையோ எதையும் எடுக்காதே; தேசியப் பூங்காவில் ஒரு வழக்கு பதிவானால் இந்தத் துறையில் உனக்குக் கதவே திறக்காது. ஆர் என்ற இலவச மென்பொருளில் உன் நோட்டின் எண்களை வைத்து ஒரு வரைபடம் போட்டுப் பார். அந்த வேலை உனக்குச் சலிப்பூட்டினால் தயங்காமல் எனக்கு எழுது, வேறு வழி பேசலாம்.

அம்மா, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் வழக்கமாக மே மாதம் திறக்கும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தமிழ்வழிச் சான்றிதழ் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். மனைப் பத்திரத்தை வங்கியில் ஏற்கெனவே கொடுத்திருந்தால் கடன் கைக்கு வரும் முன் திரும்பக் கேளுங்கள். உங்கள் தம்பியிடம் மகளே பேசட்டும். நீங்கள் இடையில் வர வேண்டாம். அவர் ஏதாவது செய்தே தீருவேன் என்றால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு மடிக்கணினியும் ஒரு பைனாகுலரும் வாங்கி வரட்டும். பைனாகுலர் 8x42 அளவில் இருந்தால் போதும். ஜூம் வைத்தது வேண்டாம்.